யார் குருடர்?

இலத்தீன் மொழியிலே ஒரு பெயரடைச் சொல் உண்டு. கைக்குஸ் என்பது அச்சொல். ஆறே எழுத்துகள். பார்வையற்ற என்பது அதன் நேர்ப்பொருள். அகராதியைப் புரட்டுவோர் அந்த அளவோடு நின்றுவிடலாம். வரலாற்றைப் புரட்டுவோர் அங்கே நின்றுவிட இயலாது. அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு சுமார் 2,300 ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. புரோகிதர் கூட்டம் கட்டிய கதை ஒன்றும் அந்தப் பெயரோடு சேர்ந்தே வாழ்ந்து வருகிறது.

ரோமாபுரிக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். பகுத்தறிவு பேசும் நாம் அந்தச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல்லை நாள்தோறும் எடுத்து வீசிக்கொண்டிருக்கிறோம். 'குருட்டு நம்பிக்கை' என்கிறோம். தேர் வடம் பிடிப்போரைக் 'குருடர்கள்' என்கிறோம். 'கண்ணிருந்தும் குருடர்' என்று மேடையிலே முழங்கினால் கைதட்டல் வானைப் பிளக்கிறது. எய்த அம்பு யார்மீது தைக்கிறது என்று எய்தவன் பார்க்க வேண்டாமா? கூட்டத்தின் ஓரத்திலே கைத்தடியோடு நின்று பேச்சைக் கேட்கும் பார்வையற்ற தோழர்மீது அது தைத்தால், அந்தக் கைதட்டலுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வியோடு ரோமாபுரிக்குச் செல்வோம்.

சொல்லின் குடும்பம்

உடற்குறையைப் பெயராகவே சூட்டிவிடுவது ரோமானியர் வழக்கம். ஒற்றைக் கண்ணருக்கு 'லுஸ்குஸ்' என்றும் 'கோக்லெஸ்' என்றும் பெயர். மாறுகண்ணருக்கு 'ஸ்ட்ராபோ'. கண்ணிலே சதா நீர் வடிபவர் 'லிப்புஸ்'. அப்பன் மாறுகண்ணன் என்றால் நேர்கண் கொண்ட பிள்ளைக்கும் அந்தப் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிடுவதுண்டு. இந்த வரிசையிலே தலைமைச் சொல் கைக்குஸ்.

அதன் உறவினர் பிற மொழிகளிலும் உளர். பழைய ஐரிஷ் மொழியிலும், அழிந்துபோன காதிக் மொழியிலும் இதற்கு இனமான சொற்கள் ஒற்றைக் கண்ணரைக் குறித்தன. இதன் வழித்தோன்றல்கள் இன்றும் உயிரோடுள்ளன. இத்தாலியர் 'சியேக்கோ' என்கின்றனர். ஸ்பானியர் 'சியேகோ' என்கின்றனர். பிரெஞ்சு மொழியோ பேச்சு வழக்கிலே இச்சொல்லைக் கைவிட்டு, 'கண்கள் நீங்கிய' என்னும் இலத்தீன் தொடரிலிருந்து வேறொரு சொல்லைப் படைத்துக்கொண்டது. ருமேனிய மொழி 'இழந்த' என்னும் பொருளுடைய மற்றோர் இலத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டது. பார்வையற்றவர், பார்வை இழந்தவர் என்று நாம் கூறும் முறைக்கு இவ்விரண்டும் அண்மையில் நிற்கின்றன.

கைக்குஸ் என்ற சொல்லின் பொருள்கள் நான்கு வழியிலே கிளை விடுகின்றன. முதலாவது, காண இயலாதவன். இரண்டாவது, காணப்படாதது, அதாவது மறைந்திருப்பது. மூன்றாவது, ஒளியில்லாத இருட்டு. நான்காவது, குறியில்லாமல் நெறியில்லாமல் பாய்வது. அச்சம், சீற்றம், அதிர்ஷ்டம் ஆகியவற்றுக்கு அடையாக வருவது.

இரண்டாவது கிளைதான் வியப்புக்குரியது. உழவைப் பற்றி நூலெழுதிய கொலுமெல்லா, வயலில் நீர் வடிய வெட்டும் வாய்க்கால்களை இருவகையாகப் பிரிக்கிறார். மேலே திறந்து கிடப்பது ஒரு வகை. கற்களை இட்டு மண்மூடி மறைத்தது மற்றொரு வகை. மறைத்த வாய்க்காலுக்கு அவர் தரும் அடைமொழி கைக்குஸ். வாய்க்காலுக்குக் கண் ஏது, குருடாவதற்கு? நம் கண்ணுக்குத் தெரியாததால் அதற்கு அந்தப் பெயர்! கி.மு. 49இல் பிருண்டிசியம் துறைமுகத்திலே முற்றுகையிடப்பட்ட பாம்பே, தெருக்களின் குறுக்கே குழிகள் வெட்டிக் கூர்ங்கழிகளை நட்டு, மேலே மெல்லிய தட்டிகளையும் மண்ணையும் பரப்பி மறைத்தான். அந்த மறைவேலியைக் குறிப்பிட சீசர் எழுதிய அடைமொழியும் இதுவே. மருத்துவரும் இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். பெருங்குடலின் தொடக்கத்திலே ஒருமுனை மூடிய பை போன்ற பகுதி ஒன்றுண்டு. குடல்வால் தொங்குவது அதிலிருந்துதான். வழி முடிந்துபோன அந்தக் குடற்பகுதிக்கு இன்றும் உலக மருத்துவ நூல்களில் வழங்கும் பெயர் கைக்குஸ் என்ற சொல்லிலிருந்து வந்ததே.

காணாதவனும் கைக்குஸ், காட்டப்படாததும் கைக்குஸ். ஒரே சொல். குறை கண்ணிலா, அல்லது கண்ணுக்கு எதிரே திரையைத் தொங்கவிட்டவனிடமா? சொல் அதைப் பிரித்துச் சொல்லவில்லை. வரலாறு பிரித்துச் சொல்லும்.

பெயர் பெற்ற மனிதர்

அப்பியஸ் கிளாடியஸ் கைக்குஸ். ரோமாபுரியின் பழம்பெரும் உயர்குடியிலே பிறந்தவர். கி.மு. 312இல் சென்சார் என்னும் பதவி ஏற்றார். மக்களைக் கணக்கெடுத்து, அவரவர் வாக்களிக்கும் பிரிவை வகுத்து, செனட் சபையின் உறுப்பினர் பட்டியலையும் எழுதும் பெரும் பதவி அது.

அந்தப் பதவியிலிருந்தபோது அவர் செய்தவை மூன்று. ரோமிலிருந்து காப்புவா நகர் வரை 132 ரோமானிய மைல் தொலைவுக்குப் பெருஞ்சாலை அமைத்தார். சுமார் 195 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை அப்பியன் சாலை என்று அவர் பெயரையே தாங்கியது. பின்னாளில் பிருண்டிசியம் வரை நீண்டது. நகருக்கு முதன்முதலாகக் கால்வாய் வழியே தூய நீர் கொணர்ந்தார். அதுவும் அவர் பெயரையே தாங்கியது. நீர்த்துறைத் தலைவராக இருந்த பிரான்டினஸ் முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கணக்குப்படி, அக்கால்வாயின் நீளம் 11,190 ரோமானிய எட்டு. ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அதிலே வெறும் 60 எட்டு மட்டுமே நிலத்துக்குமேல் தெரிந்தது. எஞ்சியது முழுவதும் மண்ணுக்கடியில் மறைந்து ஓடியது. கைக்குஸ் கொணர்ந்த கால்வாயும் கைக்குஸ்!

மூன்றாவது செயல்தான் உயர்குடியினரின் வயிற்றிலே புளியைக் கரைத்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளை அவர் செனட் பட்டியலில் சேர்த்தார். நிலமற்ற நகர்ப்புற ஏழைகளை எல்லா வாக்குப் பிரிவுகளிலும் கலந்துவிட்டார். அடுத்த ஆண்டு பதவியேற்ற ஆட்சித் தலைவர்கள் அவருடைய பட்டியலை ஏற்க மறுத்துப் பழைய பட்டியலின்படியே சபையைக் கூட்டினர். கி.மு. 304இல் வந்த சென்சார்கள் அந்த ஏழைகளை மீண்டும் நான்கே நகரப் பிரிவுகளுக்குள் அடைத்துவைத்தனர். உழைப்பவன் கையிலே வாக்கு இருக்கலாம், ஆனால் அதற்கு எடை இருக்கக்கூடாது என்பது அவர்கள் நீதி.

சாபக் கதை

இப்போது கதைக்கு வருவோம். ரோமிலே ஹெர்குலிஸ் தெய்வத்துக்கு ஒரு பெரும் பலிபீடம் இருந்தது. அங்கே பூசை நடத்தும் உரிமை பொட்டீசியர் என்னும் குடும்பத்தாருக்குப் பரம்பரைச் சொத்து. அந்தச் சடங்கு முறைகளை அரசுக்குரிய அடிமைகளுக்குக் கற்பித்து, பூசையை அவர்களிடம் ஒப்படைக்குமாறு அப்பியஸ் தூண்டினார், அவ்வாறே ஒப்படைக்கப்பட்டது. இதைச் சொல்பவர் வரலாற்றாசிரியர் லிவி. அடுத்து அவர் எழுதுவதைக் கேளுங்கள். 12 கிளைகளாக இருந்த பொட்டீசியர் குடும்பத்தில், வயது வந்த ஆடவர் சுமார் 30 பேர், ஓராண்டுக்குள் வழித்தோன்றலின்றி மாண்டனராம். சில ஆண்டுகள் கழித்து, மறவாத தெய்வங்களின் சினத்தால் அப்பியசின் கண்களும் அவிந்தனவாம்!

அடிமை தொட்டால் தீட்டு. தொட வைத்தவனுக்குக் கண் போகும். எங்கோ கேட்ட குரலாக இல்லையா? பீடத்தருகே யார் நிற்கலாம், யார் எட்டி நிற்க வேண்டும் என்ற வழக்கு நமக்குப் புதிதன்று. வாதத்தில் தோற்றவன் சாபத்தை எடுக்கும் வழக்கமும் புதிதன்று.

கதையை அறிவுத் தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

சினம் கொண்டது தெய்வம் என்றால், சினம் ஏன் ஆண்டுக்கணக்கிலே ஊர்ந்து வந்தது? சென்சாராக இருந்த அப்பியஸ் கி.மு. 307இல் ஆட்சித் தலைவரானார். கி.மு. 296இல் மீண்டும் ஆட்சித் தலைவராகிப் போர்க்களத்திலே படை நடத்தினார். குற்றம் நடந்து 16 ஆண்டுகள் ஆகியும் களத்தில் நின்று எதிரியை முறியடித்த கண்கள் அவை. அந்தப் போரிலேதான் பெல்லோனா என்னும் போர்த் தெய்வத்துக்குக் கோயில் எழுப்புவதாக அவர் நேர்ந்துகொண்டார். ஒரு தெய்வம் வெற்றியைக் கொடுக்க, மற்றொரு தெய்வம் கண்ணைப் பறித்ததா?

சிசிலித் தீவினரான டயடோரஸ் வேறொரு செய்தி தருகிறார். செனட் சபையின் பகைக்கு அஞ்சி, அப்பியஸ் கண் தெரியாதவர்போல் நடித்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார் என்பது அவர் கூற்று. ஒருவர் தெய்வக் குற்றம் என்கிறார். மற்றவர் நடிப்பு என்கிறார். முதுமையிலே அவர் பார்வை இழந்து வாழ்ந்ததை சிசரோ ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறார். முதியவருக்குப் பார்வை மங்குவது உலகெங்கும் நடப்பது; அதற்குச் சாபம் தேவையில்லை.

மன்னன் அகஸ்டஸ் காலத்திலே அப்பியசின் பெருமைகளைப் பொறித்த கல்வெட்டு ஒன்றின் படி, அரேட்டியம் என்ற நகரிலே கிடைத்துள்ளது. வகித்த பதவிகள், வென்ற ஊர்கள், அமைத்த சாலை, கொணர்ந்த நீர், எழுப்பிய கோயில் எல்லாம் அதிலே வரிசையாக உள்ளன. கைக்குஸ் என்ற பெயரும் உள்ளது. சாபத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய சான்று பலிபீடத்திலேயே இருக்கிறது. சுமார் 300 ஆண்டுகள் கழித்து ரோமிலே வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் டயனீசியஸ், அந்தப் பீடத்தின் திருப்பணியைத் தம் காலத்தில் அரசு விலைக்கு வாங்கிய அடிமைகளே செய்து வந்தனர் என்று எழுதுகிறார். 300 ஆண்டுகள்! அடிமையின் கைப்பட்ட படையலை ஹெர்குலிஸ் மறுத்துவிடவில்லை. சினந்தது யார் என்பது இதற்குமேலும் விளங்கவில்லையா?

அதே இலத்தீன் மொழியிலே முதலாம் நூற்றாண்டில் மருத்துவ நூலெழுதிய கெல்சஸ், கண்ணிலே படரும் புரையை ஊசிகொண்டு தள்ளிப் பார்வை தரும் முறையை விளக்கமாக எழுதியிருக்கிறார். நோயாளியை எப்படி அமரவைப்பது, உதவியாளன் தலையை எப்படிப் பிடிப்பது என்பது முதற்கொண்டு எழுதியிருக்கிறார். புரோகிதன் சாபம் என்றான். மருத்துவன் ஊசியை எடுத்தான். எவன் கண்ணைக் கொடுத்தவன்?

காக்கையின் கண்

அப்பியசிடம் எழுத்தராகப் பணியாற்றியவர் க்னேயஸ் பிளேவியஸ். விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகன். கி.மு. 304இல் நகர் நிர்வாகப் பதவிக்குத் தேர்தலில் வென்றார். எழுத்தன் ஒருவன் பதவியேற்பதா என்று தேர்தலை நடத்திய அதிகாரி மறுக்க, எழுதுபலகையைக் கீழே வைத்து, இனி எழுத்தனாக இரேன் என்று உறுதிகூறிப் பதவி பெற்றார். அவர் வென்ற செய்தி கேட்ட உயர்குடியினர் பலர் துக்கம் காப்போர்போலத் தங்கள் பொன்மோதிரங்களைக் கழற்றிவைத்தனர்.

ஒரு நாள், நோயுற்றிருந்த சக அதிகாரியைக் காண பிளேவியஸ் சென்றார். அங்கே அமர்ந்திருந்த உயர்குடி இளைஞர்கள் எழுந்திருக்க மறுத்துக் கல்லாய் இருந்தனர். அவர் வாதாடவில்லை, கெஞ்சவில்லை. தம் பதவிக்குரிய தந்த நாற்காலியை அங்கேயே கொண்டுவரச் செய்தார். அதிலே அமர்ந்து, பொறாமையால் புழுங்கிய அந்தப் பகைவர்களை நிமிர்ந்து பார்த்தார். சுயமரியாதைக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் உண்டா?

அவர் செய்த பெரும்பணி வேறு. அந்நாளிலே வழக்காட எந்த நாள் ஏற்ற நாள், எந்த நாள் விலக்கு நாள் என்பது புரோகிதர் சிலருக்கே தெரியும். வழக்கைத் தொடுக்க என்ன வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் அவர்கள் நெஞ்சுக்குள்ளே பூட்டிக் கிடந்தது. ஒரு சொல் பிசகினால் வழக்கே தோற்றுவிடும். நிலம் பறிபோனவனும் கடன்பட்டவனும், பஞ்சாங்கக்காரன் வாயைப் பார்ப்பதுபோல அவர்கள் வாயைப் பார்த்து நிற்க வேண்டும். பிளேவியஸ் அந்த நாட்குறிப்பை வெண்பலகைகளில் எழுதி, ஊர்மன்றத்தைச் சுற்றி மாட்டிவிட்டார்! வழக்காடும் வாசகங்களையும் தொகுத்து வெளியிட்டார். அப்பியசின் தூண்டுதலாலேயே நாட்குறிப்பு வெளியானது என்று மூத்த பிளினி எழுதுகிறார். 'பிளேவியஸ் சட்டம்' என்றே பின்னோர் அத்தொகுப்பை அழைத்தனர்.

கி.மு. 63இல் நீதிமன்றத்திலே பேசிய சிசரோ, இந்த நிகழ்ச்சியை ஒரு பழமொழியால் குறிப்பிட்டார். அந்த எழுத்தன் காக்கைகளின் கண்ணையே குத்திவிட்டான் என்பது அதன் கருத்து. எதையும் தப்பவிடாத கூர்ங்கண் உடையது காக்கை. அதையே ஏமாற்றிவிட்டானாம் இந்த எளியவன்.

ரோமானிய ஏழைகளுக்குக் கண் இருந்தது. கண்ணிருந்தும் நாளை அறியவில்லை, சட்டத்தை அறியவில்லை. அறிவிலே குறையா? இல்லை. அறிய வேண்டியது மறைக்கப்பட்டிருந்தது. கைக்குஸ் என்ற சொல்லின் இரண்டாம் பொருள் இங்கே பேசுகிறது. மக்கள் காணாதவர்களாக இருக்கவில்லை. சட்டம் காட்டப்படாததாக இருந்தது. பலகை ஏறிய அன்றே அவர்கள் பார்த்தனர். அந்தப் பலகைக்குப் பின்னே நின்றவர், கைக்குஸ் என்று வரலாறு அழைக்கும் மனிதர்!

அவரை முழுமையான சீர்திருத்தக்காரர் என்று வரைந்துவிடுதல் உண்மைக்குப் பொருந்தாது. கி.மு. 300இல் எளிய குடியினரும் புரோகிதர் பதவிகளைப் பெறலாம் என்ற சட்டம் வந்தபோது, அதை எதிர்த்தவர் இதே அப்பியஸ்தான். உயர்குடிப் பெருமிதம் அவரை விட்டு அகலவில்லை. ஆயினும் அந்தச் சட்டம் நிறைவேறியது. திறந்த கதவைத் திறந்தவனாலும் மூட இயலவில்லை. மனிதரைத் தெய்வமாக்கிக் கும்பிடாமல், செயலைச் செயலாக எடைபோடுவதே வரலாறு கற்போர் கடமை.

பார்வையற்றோர் அவை

கி.மு. 280இல் எபிரஸ் நாட்டு மன்னன் பிர்ரஸ் ரோமானியப் படையை முறியடித்துவிட்டு, சினியாஸ் என்ற நாவலனைத் தூதனுப்பினான். செனட் சபை சமாதானத்துக்கு இணங்கிவிடும் நிலை. செய்தி கேட்ட கிழவர் அப்பியஸ், பல்லக்கில் ஏறி ஊர்மன்றத்தின் வழியே சபைக்கு வந்தார். பிள்ளைகளும் மருமக்களும் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்றனர். கண்ணிழந்ததற்கு இதுவரை வருந்தியதாகவும், இந்தத் தீர்மானங்களைக் கேட்டபின் காதும் செவிடாயிருக்கக் கூடாதா என்று எண்ணுவதாகவும் அவர் கூறினார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். சபை நிமிர்ந்தது. இத்தாலியை விட்டு முதலில் வெளியேறு, பிறகு பேசலாம் என்று விடை சென்றது. கண்ணுள்ள சபைக்கு வழிகாட்டியவர் கண்ணற்ற கிழவர். அவருடைய உரை தம் காலத்திலும் கிடைத்ததாக சிசரோ சொல்கிறார். தன் ஊழைத் தானே அடித்து வடிக்கும் கொல்லன் மனிதன் என்ற கருத்தையும் பின்னோர் ஏடு ஒன்று இந்த அப்பியசுக்கே உரியதாக்குகிறது. தெய்வம் கண்ணைக் குத்தியது என்று கதை கட்டப்பட்டவரின் பெயரிலே இப்படி ஒரு கருத்து வழங்குவது எண்ணத்தக்கது.

அப்பியஸ் தனியர் அல்லர். கி.மு. 45இல் எழுதிய நூலிலே சிசரோ பார்வையற்ற பலரை வரிசைப்படுத்துகிறார். கையஸ் ட்ரூசஸ் என்பவரின் வீட்டிலே சட்ட ஆலோசனைக்கு மக்கள் நிறைந்திருப்பர். தங்கள் வழக்கைத் தாங்களே காண இயலாதோர் பார்வையற்றவரை வழிகாட்டியாகக் கொண்டனர். அவுபிடியஸ் என்பவர் சபையிலே கருத்துரைத்தார். கிரேக்க மொழியிலே வரலாறும் எழுதினார். சிசரோவின் இல்லத்திலேயே பல்லாண்டு வாழ்ந்த தத்துவ ஆசிரியர் டயடோட்டஸ், பார்வை போனபின் முன்னிலும் மிகுதியாகக் கற்றார். இரவு பகலாகப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வடிவக்கணிதமும் கற்பித்தார்! எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடிழுக்க வேண்டும் என்று வாயாலே சொல்வாராம், மாணவர் வரைவாராம். கரும்பலகையின் முன் நின்று கோணம் வரையும் ஆசிரியர் எவரும் இதன் அருமையை உணர்வர்.

உருவகம் ஏறிய வழி

இத்தனை சான்றுகள் இருந்தும் கைக்குஸ் என்ற சொல் வசையாகவே வளர்ந்தது. நான்காம் கிளை ஏனைய கிளைகளை மூடிவிட்டது. அதிர்ஷ்டம் குருடு, சினம் குருடு, காமம் குருடு என்று எழுதுவோர் பெருகினர். அறியாமைக்கும் குருட்டுக்கும் முடிச்சுப் போடப்பட்டது. அந்த முடிச்சை மதம் இறுக்கியது.

பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்தின் தென்வாயிலிலே 13ஆம் நூற்றாண்டில் இரண்டு பெண்ணுருவங்களை நிறுத்தினர். முடி சூடி நிமிர்ந்து நிற்பவள் கிறித்தவச் சபை. கண்ணைத் துணியால் கட்டி, முறிந்த வேலோடு தலை தாழ்ந்து நிற்பவள் யூத மதம். கத்தோலிக்கரின் பெரிய வெள்ளி வழிபாட்டிலே, யூதர் ஒளியைக் காணாதிருக்கும் நிலையை நீக்குமாறு வேண்டும் மன்றாட்டு ஒன்று பல நூற்றாண்டுகளாக ஓதப்பட்டது. அந்நிலைக்கு அதில் வைத்த பெயர் கைக்குஸ் என்ற வேரிலிருந்து கிளைத்த சொல்லே. 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூலிலேதான் அந்த மன்றாட்டு முற்றாக மாற்றி எழுதப்பட்டது. ஒரு மக்களினத்தையே குருடர் என்று ஆண்டுதோறும் சொல்லி வந்தால், பார்வையற்றோருக்கு ஒரு பழி, அந்த இனத்துக்கு ஒரு பழி என இரு பழிகள் ஒரே சொல்லிலே ஏறிவிடுகின்றன.

நம் நாட்டிலே முற்பிறவி வினை என்றனர். அங்கே தெய்வச் சினம் என்றனர். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் அடித்த காசுகள். குறையை உடலிலே வைத்து, காரணத்தை வானத்திலே வைத்துவிட்டால், மனிதன் செய்ய வேண்டிய உதவி மிச்சம்!

காணாததைக் கண்டவர்

இதே சொல்லை வேறு வழியிலே ஆண்ட ஒருவரும் உளர். கி.மு. முதலாம் நூற்றாண்டிலே வாழ்ந்த பாவலர் லுக்ரீஷியஸ். உலகம் தெய்வங்களின் விளையாட்டன்று, அணுக்களின் இயக்கம் என்று பாடியவர். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்பொருள்களுக்கு அவர் சூட்டிய அடைமொழி கைக்குஸ்.

காணாததை எவ்வாறு நம்புவது என்ற கேள்விக்கு அவர் நம்பச் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கச் சொன்னார். காற்றைக் கண்டவர் இல்லை. அது மரத்தைப் பெயர்க்கிறது. கடற்கரையில் தொங்கவிட்ட துணி ஈரமாகிறது, வெயிலில் உலர்கிறது, ஈரம் வந்ததையும் கண்டதில்லை, போனதையும் கண்டதில்லை. விரலில் போட்ட மோதிரம் ஆண்டாண்டாகத் தேய்கிறது. உழவன் ஓட்டும் கொழு மண்ணிலே தேய்கிறது. நகர வாயிலில் நிற்கும் வெண்கலச் சிலைகளின் வலக்கை, வழிப்போக்கர் தொட்டு வணங்கித் தொட்டு வணங்கியே மெலிந்துபோகிறது. வணங்கியவன் அருள் பெற்றானோ இல்லையோ, வெண்கலம் அணுவணுவாகக் குறைந்தது! அந்த அணுவைக் கண் காணாது, அறிவு காணும்.

மூடநம்பிக்கையிலும் பேராசையிலும் உழலும் நெஞ்சங்களைச் சாடும்போது அவரும் இதே சொல்லைத்தான் எடுத்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அவருடைய வாதமே அந்த வசையின் வேரை அறுத்துவிடுகிறது. அறிவது கண்ணன்று, கருதிப் பார்க்கும் மனம் என்று மெய்ப்பித்துவிட்டபின், கண்ணற்றவனை அறிவற்றவனுக்கு உவமையாக்குவது எப்படி?

நாம் எடுக்க வேண்டிய சொல்

தோழர்களே! நம் மொழி இந்த இடத்திலே இலத்தீனைவிட வளமுடையது. காணாதவருக்கும் காட்டப்படாததற்கும் ஒரே சொல்லைச் சுமத்த வேண்டிய வறுமை நமக்கில்லை. பார்வையற்றவர் என்ற சொல் இருக்கிறது. மாற்றுத்திறனாளி என்ற சொல்லும் வழக்கிலே ஊன்றிவிட்டது. மடமைக்கு மடமை என்ற பெயரே இருக்கிறது. மூடநம்பிக்கை என்ற சொல் எவர் உடலையும் இழிக்காமல் தன் வேலையைச் செய்கிறது. கண் திறந்திருந்தும் காண மறுப்பவரைக் குறிக்க 'கண்மூடிப் பழக்கம்' இருக்கிறது, மூடியவர் திறக்கலாம். பார்வையற்றவர் எதையும் மூடிக்கொள்ளவில்லை.

சாதி ஒழிப்புப் பேசுவோர் சாதிப் பெயரை வசையாக்கலாமா? கூடாது என்று கற்றோம். பெண்ணுரிமை பேசுவோர் பேடி என்றும் பெட்டை என்றும் எதிரியை ஏசலாமா? கூடாது என்று கற்று வருகிறோம். அதே நேர்மைதான் இங்கும் வேண்டும். குருட்டுத்தனம் பாவத்தின் பயன் என்றது புரோகிதக் கதை. அந்தக் கதையை உடைக்க வந்த நாமே, அதன் சாரத்தை வசைமொழியாக்கி நாவிலே ஏந்தினால், பொட்டீசியர் பீடத்துப் பூசாரி நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டானா?

இனி மேடையேறும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'இம்மக்கள் ஏன் குருடராயிருக்கின்றனர்?' என்பதன்று. 'இவர்களிடமிருந்து மறைக்கப்பட்டது எது? மறைத்தவர் யார்?' என்பதே. விடை கிடைத்ததும் செய்ய வேண்டியதை அந்த எழுத்தன் செய்து காட்டியிருக்கிறான். வெண்பலகையை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி, ஊர் கூடும் இடத்திலே மாட்ட வேண்டும். படிக்க இயலாதவர்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டவும் வேண்டும்.